பயத்துக்குச் சாட்சி வேணும்

முதல்லயே சொல்லிடறேன்: நான் பயந்தேன். நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு, நல்லாவே பயந்தேன். இந்த ஒரு வரியை எழுத்துல ஏத்த ஒரு விமானக் கம்பெனியோட ஒரு காலைப்பொழுது முழுக்க மல்லுக்கட்டியிருக்கேன். அதனால இங்கயாவது அது முதல் வரியா இருக்கட்டும்.

நான் பை, பெட்டி ரிப்பேர் கடை வெச்சிருக்கறவ. ஜிப்பு, பூட்டு, கைப்பிடி, சக்கரம், இதுதான் என் பிழைப்பு. என் வீட்டுக்காரர் பதிவு அலுவலகத்துல முப்பத்தோரு வருஷம் ரெக்கார்டு கிளார்க்கா இருந்து ரிடையர் ஆனவர். படிவம்னா உயிரை விடுவார். பயம்ங்கற வார்த்தையை அவர் வாயால நான் கேட்டதே இல்லை. ஒரு தடவை சமையலறைக்குள்ள பாம்பு வந்தப்ப, "அது பாட்டுக்குப் போயிடும்"னு சொல்லிட்டு நாற்காலி மேல ஏறி நின்னு பேப்பர் படிச்ச மனுஷன்.

ரெண்டு மாசமா என் கழுத்துல ஒரு கட்டி. அதைப் பார்க்க வேண்டிய பெரிய டாக்டர் தலைநகரத்து ஆஸ்பத்திரிக்கு மாசத்துல ஒரு நாள்தான் வெளியூர்ல இருந்து வருவார். எங்களுக்குக் கிடைச்சது மதியம் மூணு மணி. பஸ்ஸுன்னா ஒன்பது மணி நேரம், அவ்வளவு குலுக்கல் உன் கழுத்துக்கு ஆகாதுன்னு இவர்தான் நாற்பது நிமிஷ விமானத்துக்கு டிக்கெட் போட்டார். கட்டியைப் பத்தி நான் வாயைத் திறந்தாலே, "ஒண்ணும் இருக்காது, விடு"ம்பார். ரெண்டு மாசமா அதே பதில்.

விமானமா அது? மினி பஸ்ஸுக்கு ரெக்கை வெச்ச மாதிரி பத்தொன்பது சீட்டு. நடுவுல ஒரு சந்து, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சீட்டு. ஏத்தறதுக்கு முன்னாடி பெட்டியையும் எடை போடறாங்க, ஆளையும் எடை போடறாங்க. கவுண்டர்ல இருந்த பொண்ணு முள்ளைப் பார்த்தா, இவர் தொப்பையைப் பார்த்தா, "சார் கடைசி வரிசை"ன்னா. பின்பக்கம் கனம் வேணுமாம். சந்துக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

கவுண்டருக்குப் பின்னாடி பெரிய பலகை. 'பயமில்லாப் பயணம்: இன்று 1,412-ஆவது நாள்.' அதுக்குக் கீழ ஒரு படிவம் நீட்டினாங்க, பயணம் முழுவதும் அமைதி காப்பேன்னு. நான் படிக்காமப் போட்டேன். இவர் பின்பக்கம் வரைக்கும் படிச்சு, ஒரு கால்புள்ளி விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டி, சந்தோஷமா மூணு பிரதியில கையெழுத்துப் போட்டார்.

படி ஏறும்போதுதான் அதைப் பார்த்தேன். வால் பக்கம் சாமான் அறைக் கதவை ஒருத்தர் தோளால முட்டறார். மூடலை. காலால ஒரு உதை. மூடுச்சு. ஆனா கைப்பிடி முழுசா உள்ள போய்ப் படியலை, ஒரு விரல் அகலம் வெளிய நின்னுச்சு. இருபது வருஷமா இதே வேலை பார்க்கறேன், கொக்கி மாட்டலைன்னா கைப்பிடி எப்படி நிக்கும்னு எனக்குத் தெரியாதா?

பணிப்பெண் கிட்ட சொன்னேன். "அம்மா, அந்தக் கதவு மாட்டலை."

"மூடற ஆளுக்கு மூடற அதிகாரம்தான் மேடம். பார்க்கறது வேற பிரிவு."

"சரி, பார்க்கறவரைக் கூப்பிடுங்க."

"அவர் பேப்பரைத்தான் பார்ப்பார். கதவைப் பார்க்கறதில்லை." ரொம்ப நல்ல பொண்ணு, சிரிச்ச முகம். "கதவு பத்திக் கருத்து இருந்தா இறங்கினதும் பெட்டியில போடலாம்."

கிளம்பி பத்து நிமிஷம் இருக்கும். என் முதுகுக்குப் பின்னாடி ஒரு சத்தம். கடகட, கடகட. சாமான் அறைக்கும் எங்களுக்கும் நடுவுல இருந்தது ஒரு கான்வாஸ் திரை, அவ்வளவுதான். அது உள்பக்கமா இழுத்து இழுத்து விடுது. அடியில இருந்து குளிர்காத்து என் கணுக்காலைத் தடவுச்சு. இவரைப் பார்த்தேன். பேப்பர் படிச்சிட்டிருந்தார். பேப்பர் ஆடுச்சு, அது விமானம் ஆடினதாலன்னு நினைச்சேன்.

பைலட் உட்கார்ற இடத்துக்குக் கதவு கிடையாது, கடைசி சீட்டுல இருந்தே தெரியும். அவருக்கு முன்னாடி ஒரு சிவப்பு விளக்கு எரியுது. பைலட் அதை விரலால ரெண்டு தட்டு தட்டினார். அணையலை. பணிப்பெண்ணைக் கூப்பிட்டுக் காதுல ஏதோ சொன்னார். அவ சந்து நடுவுல வந்து நின்னு, "கேப்டன் கேக்கறார், யாராவது பயப்படறீங்களா?"ன்னா.

அப்பாடா, மனுஷங்க இருக்காங்கன்னு கையைத் தூக்கினேன். "நான் பயப்படறேன்!"

முன்வரிசையில இருந்து கோட்டு போட்ட ஒருத்தர் எழுந்தார். மார்புல பட்டயம். பயணிகள் மனநிலைப் பிரிவின் துணை மேலாளராம். நான் அவரை மனநிலைக்காரர்னே சொல்றேன், முழுப் பட்டத்தையும் சொன்னா கதை முடியறதுக்குள்ள விமானம் இறங்கிடும்.

"அவசரப்படாதீங்க மேடம். முதல்ல நடைமுறையைப் புரிஞ்சுக்கணும்" என்றார், ஏதோ பள்ளிக்கூடத்துல பரிசு குடுக்க வந்தவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கிட்டு. "இந்த விளக்கு போன வருஷத்துல இருந்தே அடிக்கடி எரியுது. ஒவ்வொரு தடவையும் திரும்பிப் போனா கம்பெனி நடத்த முடியுமா? அதனால நிபுணர் குழு ஒரு முடிவு எடுத்தது. விளக்கு எரிஞ்சா பயணிகளைப் பார்க்கணும். பயணிகள் பயந்தா கதவுல கோளாறு. பயப்படலைன்னா விளக்குல கோளாறு. உலகத்துலயே வேற எந்தக் கம்பெனியும் பயணிகளை இவ்வளவு நம்பறதில்லை."

"நான்தான் பயப்படறேனே ஐயா. விமானத்தைத் திருப்பச் சொல்லுங்க."

"அங்கதான் எங்க பிரிவு வருது. இந்தக் கம்பெனியில 1,412 நாளா ஒருத்தரும் பயந்ததில்லை. அதைக் காப்பாத்தறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

எனக்கு ஒரு நிமிஷம் எடுத்துச்சு இது மண்டையில ஏற. யாராவது பயந்தாத்தான் பைலட் திருப்புவார். யாரும் பயப்படாமப் பார்த்துக்கறதுதான் இவர் வேலை. ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனி சம்பளம் குடுக்குது. பின்னாடி கடகட கடகட.

நாலாவது வரிசையில ஒரு பெரியவர், "எனக்கும் கொஞ்சம் ஒரு மாதிரியா..."ன்னு ஆரம்பிச்சார்.

"உங்களது செல்லாது சார். கதவுக்கு அடுத்த வரிசையோட பயம்தான் நேரடிப் பயம். மத்த வரிசை எல்லாம் தொற்றுப் பயம்." பெரியவர் உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். மத்தவங்க ஏற்கனவே திரும்பியிருந்தாங்க. தினம் போய் வர்ற ஆளுங்களாம். அமைதிப் பயணின்னு ஒரு அட்டை வெச்சிருந்தா முன்வரிசை சீட்டும் காபியும் உண்டு, ஒரு தடவை பயந்தா அட்டையைப் பிடுங்கிடுவாங்களாம். என் முன் சீட்டுக்காரர் முதுகு அப்படி நடுங்குது, வாய் மட்டும் திறக்கலை.

நான் கத்தினேன். பொய் சொல்லலை, தொண்டை கிழியக் கத்தினேன். மனநிலைக்காரர் கைநோட்டுல குறிச்சுக்கிட்டார். "இது சத்தம்."

அழுதேன். அழுகை தானா வந்துச்சு. "இது குடும்பப் பிரச்சினை. கணவர் பக்கத்துலயே இருக்காரே." கண்ணை மூடிக் கையைக் கூப்பினேன். "இது வழிபாடு. எல்லா நம்பிக்கையையும் கம்பெனி மதிக்குது."

"அப்புறம் என்னதான்யா பயம்?"

"படிவம்தான் மேடம் பயம்." பையில இருந்து ஒண்ணை எடுத்தார். ஓரம் பழுப்பேறிக் கிடந்துச்சு, 1,412 நாளா வெளிய எடுக்காத படிவம். "நீங்க கையெழுத்துப் போடணும். அதே வரிசையில இருக்கற இன்னொருத்தர், தானும் பயந்ததாச் சாட்சிக் கையெழுத்துப் போடணும். தனியாளோட பயம் கற்பனையா இருக்கலாம் இல்லையா?"

எங்க வரிசையில ரெண்டே சீட்டு. சந்துக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். கல்யாணமான முப்பத்து நாலு வருஷமா பயப்படாத மனுஷன் பேப்பரை மடிச்சு மடியில வெச்சார்.

"என்னங்க, கையெழுத்துப் போடுங்க."

"எதுக்கும்மா இதெல்லாம்? நாற்பது நிமிஷம்தானே."

"கதவு மாட்டலைங்க! என் கண்ணால பார்த்தேன்."

"ஒண்ணும் இருக்கா..."

அவர் முடிக்கலை. பின்னாடி டமார்னு ஒரு வெடி. திரை கிழிஞ்சு உள்ள பறந்துச்சு. சாமான் அறை முழுக்க ஒரே வெளிச்சம், பட்டப்பகல் வெளிச்சம். பெட்டி வைக்கற இடத்துல மேகம். கதவு கீல்ல தொங்கிக்கிட்டு விமானத்தோட உடம்புல அடிக்குது, டமார், டமார். விமானம் ஒரு பக்கமா இழுத்துச்சு. காத்து இரைச்சல்ல காது அடைச்சுப்போச்சு. என் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் கவரை நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சேன். உயிர் போகப்போகுது, கழுத்துக் கட்டிக்கு வேலையே இல்லைன்னு நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்.

ஒரு நீலப் பெட்டி தரையில சறுக்கி, விளிம்புல ஒரு கணம் நின்னு, வெளிய போச்சு. மேல மனநிலைக்காரர் படம் போட்ட ஸ்டிக்கர் பளிச்சுன்னு தெரிஞ்சுது. பயமில்லாப் பயணத்துக்காக அவர் வாங்கிக்கப்போற விருதுக்குத் தெச்ச புதுக் கோட்டு அதுலதான் இருந்துச்சுன்னு பின்னால பணிப்பெண் சொன்னா.

"உங்க பெட்டி!"ன்னு கத்தினேன்.

அவர் சீட்டைக் கட்டிப் பிடிச்சிருந்தார். உதடு வெளுத்துப்போச்சு. கண்ணுல தண்ணி. "அது என் பெட்டி அல்ல" என்றார். "சாமான் அறை சரக்குப் பிரிவைச் சேர்ந்தது. அங்க நடக்கறது பயணிகள் பகுதியில நடந்ததா ஆகாது. திரை இருக்கு."

"திரை எங்கய்யா இருக்கு?"

"பதிவேட்டுல இருக்கு."

முன்னால பைலட் ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுத் தலையை மட்டும் திருப்பிக் கத்தினார். "யாராவது பயந்தாச்சா? சீக்கிரம் சொல்லுங்க, என்னால ரொம்ப நேரம் பிடிக்க முடியாது!" பாவம், அவர் முகம்தான் அங்க இருந்ததுலயே அதிகம் பயந்த முகம். ஆனா பைலட் பயத்துக்குப் படிவமே கிடையாதாம்.

அப்பதான் இவர் கை சந்தைத் தாண்டி வந்து என் மணிக்கட்டைப் பிடிச்சுது. ஐஸ் மாதிரி இருந்துச்சு.

"எனக்குப் பயமா இருக்கு"ன்னார்.

காதுல தப்பா விழுந்துச்சுன்னு நினைச்சேன். மறுபடி சொன்னார், இரைச்சலுக்கு மேல, ஊருக்கே கேக்கற மாதிரி. "எனக்குப் பயமா இருக்கும்மா. ரெண்டு மாசமா பயமா இருக்கு. ராத்திரி நீ தூங்கினதும் உன் கழுத்தைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கேன். அந்த டாக்டர் என்ன சொல்லப்போறார்னு பயமா இருக்கு. நீ இல்லாம எனக்கு ஒரு டீகூடப் போடத் தெரியாதேன்னு பயமா இருக்கு."

பின்னாடி கதவு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

மனநிலைக்காரர் முகத்துல உயிர் வந்துச்சு. "கேட்டீங்களா? இது மருத்துவப் பயம். தரையிலேயே வாங்கின பயம். விமானத்துக்குச் சம்பந்தமில்லை. பதிய முடியாது."

இவர் என் கையை விட்டார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டார். நடுங்கற கையோட அந்தப் படிவத்தை அவர்கிட்ட இருந்து வாங்கி, முன்பக்கம் படிச்சார், பின்பக்கம் படிச்சார். செத்துப்போகப்போற நேரத்துல மனுஷன் அடிக்குறிப்பு படிக்கறார். எனக்கு வந்த ஆத்திரத்துல நானே அவரைக் கதவு வழியா அனுப்பியிருப்பேன்.

"சார்"ன்னார். பதிவு அலுவலகக் குரல் அது, முப்பத்தோரு வருஷம் ஊரையே வரிசையில நிக்க வெச்ச குரல். "பெயர், வரிசை எண், நேரம், கையொப்பம். நாலு கட்டம். காரணம்னு கட்டம் எங்க?"

"அது... வழக்கமா வாய்மொழியா..."

"கட்டம் இல்லை. கட்டம் இல்லாத விஷயத்தைக் கேக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. பயந்தவன் எதுக்குப் பயந்தான்னு உங்க கம்பெனிக்குத் தெரிய வேண்டாம்னு உங்க நிபுணர் குழுவே முடிவு பண்ணியிருக்கு. பேனா குடுங்க."

பேனா குடுத்தார். வேற வழியில்லை, படிவத்துக்கு எதிராப் பேச அவர் பயிற்சியில சொல்லித் தரலை. நான் போட்டேன், இவர் போட்டார். பணிப்பெண் ஒவ்வொரு சீட்டாப் பிடிச்சுப் பிடிச்சு அதை முன்னால கொண்டுபோனா. பைலட் ஒரு பார்வை பார்த்தார். "நன்றி! இனிமே கதவு திறந்திருக்குன்னு நான் சொல்லலாம்!"னு சொல்லிட்டு விமானத்தைத் திருப்பினார்.

இறங்கற வரைக்கும் பதினோரு நிமிஷம். இவர் வாயைத் திறந்தது திறந்ததுதான், மூடலை. "பயமா இருக்கும்மா, பயமா இருக்கும்மா." அவரைத் தேத்தற வேலையில என் பயத்தை ஒழுங்காப் பயப்படக்கூட எனக்கு நேரம் கிடைக்கலை. சக்கரம் தரையைத் தொட்டப்ப தொங்கின கதவு பிய்ஞ்சு ஓடுபாதையில உருண்டுபோச்சு. தீயணைப்பு வண்டி ஓரமா நின்னுச்சு, படிவத்தோட நகல் வந்தாத்தான் நகருமாம்.

கீழ கம்பெனியோட நிலைய மேலாளர் அம்மா எங்களைத் தனி அறையில உட்கார வெச்சாங்க. பிஸ்கெட் வந்துச்சு. மனநிலைக்காரர் மூலையில உட்கார்ந்து தண்ணி குடிச்சார், டம்ளர் பல்லுல பட்டு டக்டக்னு ஆடுச்சு.

"கதவு திறந்ததைப் பத்தி எங்களுக்கு வருத்தமே இல்லை" என்றாங்க அந்த அம்மா. "கதவுன்னா திறக்கும், மூடும். அதுக்குத்தானே கதவு. நீங்க பயந்ததுதான் எங்களை ரொம்பப் பாதிச்சிருக்கு. முந்நூறு ஊழியர்கள், அவங்க குடும்பங்கள், எல்லாரும் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் வேலைக்கு வர்றாங்க. ஒரு கதவை நாங்க ஒரு மணி நேரத்துல மாத்திடுவோம். நம்பிக்கையை மாத்த முடியுமா?"

ஜன்னல் வழியாப் பார்த்தேன். கதவை மாத்திட்டுத்தான் இருந்தாங்க. எங்கிருந்தோ ஒரு பழைய கதவைக் கொண்டுவந்து மாட்டி, கைப்பிடியை நைலான் பட்டையால சுத்திக் கட்டி, பக்கிள் போட்டாங்க. பள்ளிக்கூடப் பைக்குப் போடற பக்கிள். விமானத்து உள்ள ஒருத்தர் அந்தச் சிவப்பு பல்பைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார்.

"பன்னிரண்டரைக்கு இதே விமானம் போகுது" என்றாங்க அந்த அம்மா. "ரெண்டு மணிக்குள்ள ஆஸ்பத்திரியில இருப்பீங்க. ஆனா பயந்த பயணியை விதிப்படி ஏத்த முடியாது. பயப்படலைன்னு ஒரு வரி எழுதி வாபஸ் வாங்கிட்டா, ஏறலாம்."

எனக்குக் கோபம் தலைக்கேறுச்சு. அதைவிட மூணு மணி பெருசாத் தெரிஞ்சுது. ஒரு மாசம் இந்தக் கட்டியோட யாரால காத்திருக்க முடியும்? "குடுங்க"ன்னேன்.

இவர் என்னை முந்திக்கிட்டார். பயந்தேன்னு வாழ்நாள்ல ஒரே ஒரு தடவை சொன்ன மனுஷன், எனக்காக அதையும் திருப்பிக் குடுக்க உட்கார்ந்தார். 'நான் பயப்படவில்லை'ன்னு எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

அந்த அம்மா காலையில கவுண்டர்ல போட்ட அமைதிப் படிவத்தைப் பக்கத்துல வெச்சுப் பார்த்தாங்க. "சார், கையெழுத்து ஒத்துப்போகலை."

பார்த்தேன். காலையில போட்டது அச்சடிச்ச மாதிரி. இது கோழி கிளறின மாதிரி. இன்னொரு தாள் குடுத்தாங்க. இடது கையால வலது மணிக்கட்டை அழுத்திப் பிடிச்சுக்கிட்டுப் போட்டார். பேனா வரியை விட்டு இறங்கிப் போச்சு. மூணாவது தாள். நாலாவது தாள்.

"அமைதியாப் போடுங்க சார்" என்றாங்க அந்த அம்மா, கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே. "பயப்படாதவர் கை நடுங்கக் கூடாது."

"இதோ, இதோ வந்துடும். இன்னும் ஒரு தாள் குடுங்கம்மா. அவளுக்கு மூணு மணிக்கு டாக்டர்"ன்னார். நெத்தி வேர்வை தாள்ல சொட்டி எழுத்து ஊறிப்போச்சு. அஞ்சாவது தடவை அவர் பேனாவைக் குத்தினதுல தாளே கிழிஞ்சுது.

பேனாவை அவர் விரல்ல இருந்து நான்தான் பிரிச்சு எடுத்தேன். "போதும்ங்க. எழுந்திரிங்க."

"டாக்டர்..."

"எழுந்திரிங்கன்னா."

மூணு மணிக்குள்ள போய்ச் சேராதுன்னு தெரிஞ்சும் தலைநகரத்து பஸ்ல ஏறினோம். ஜன்னல் சீட்டை எனக்குக் குடுத்தார். மூணு மணிக்கு பஸ் ஒரு பெட்ரோல் பங்க்ல நின்னுச்சு. ரெண்டு பேரும் மணியைப் பார்த்தோம். மூணே கால் இருக்கும், போன் அடிச்சுது. ஆஸ்பத்திரி நர்ஸ்.

"ஏம்மா வரலை? டாக்டர் உங்க பேரைக் கூப்பிட்டுட்டார்."

விமானம், கதவு, படிவம், எல்லாம் தொண்டை வரைக்கும் வந்துச்சு. எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியாம, "பயமா இருந்துச்சு சிஸ்டர்"னு மட்டும் சொன்னேன்.

"பயம் இருக்காதாம்மா பின்ன? டாக்டர் நாளைக்குக் காலையில ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு நடை வருவார். ஏழு மணிக்கு வந்துடுங்க, நான் சொல்லி வெக்கறேன்." போனை வெச்சுட்டாங்க.

இவர் என் தோளைப் பிடிச்சு உலுக்கினார். "என்ன சொன்னாங்க? என்ன கேட்டாங்க? என்ன எழுதித் தரணுமாம்?"

"ஒண்ணும் கேக்கலைங்க."

"சாட்சி?"

"கேக்கலை."

அவர் நம்பலை. இன்னொரு தடவை போன் பண்ணிக் கேட்டுப்பாருன்னார். அவர் தோள்ல முகத்தை வெச்சுக்கிட்டு பஸ்ஸுல எல்லாரும் பார்க்க அழுதேன்.